ஒரே படம் பல ஃபோல்டரில்: அறிகுறி பார்த்து நகல்களை நீக்கும் வழி

கல்யாணப் படங்கள் ஒரு ஃபோல்டரில், போனிலிருந்து இறக்கியவை இன்னொன்றில், 'பேக்கப்', 'புது பேக்கப்', 'பேக்கப் ஃபைனல்' என்று மேலும் மூன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் இவை எல்லாமே மறுபடியும். நகல் தேடும் மென்பொருள் ஒன்றை ஓட்டினால் நீளமான பட்டியல் வந்துவிடும். தேடுவது கடினமில்லை. வந்த பட்டியலில் எதை வைத்துக்கொண்டு எதை அழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் படங்கள் பறிபோகின்றன. அந்த இடத்தில் எதிர்ப்படும் சிக்கல்களையும், அவை ஏன் வருகின்றன, என்ன செய்யலாம் என்பதையும் அறிகுறி வாரியாகக் கீழே பார்க்கலாம்.

நகலில் இரண்டு வகை உண்டு. முழு நகல் என்றால் இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றே. மென்பொருள் முதலில் அளவு ஒத்த ஃபைல்களைத் திரட்டும். பிறகு ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடும். பெயர், தேதி, ஃபோல்டர் எதையும் பார்க்காது. ஹாஷ் ஒத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், இரண்டும் ஒரே ஃபைல். ஒத்த படம் என்பது வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஆனால் ஃபைல் வேறு. இதற்கு மென்பொருள் படத்தை மிகச் சிறிதாகச் சுருக்கி, அதன் வெளிச்சத்தையோ நிறத்தையோ கட்டம் கட்டமாக ஒப்பிட்டு 'இவ்வளவு தூரம் ஒத்திருக்கிறது' என்று ஒரு மதிப்பீடு தரும். மதிப்பீடு தவறலாம். ஆகவே முழு நகல்களை முதலில் தேடி ஒதுக்கிவிடுங்கள். ஒத்த படத் தேடலை அதற்குப் பிறகு, மீதி இருப்பவற்றில் மட்டும் செய்யுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் கலந்தால் பட்டியல் தாங்காது.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் இதற்கென்று வசதி இல்லை. இலவச மென்பொருளில் டூப்குருவும் செகாவ்காவும் போதும். இரண்டுமே விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். செகாவ்காவைத் தேடும்போது சி, இசட், கே, ஏ, டபிள்யூ, கே, ஏ என்று எழுத்துக்கூட்டித் தேடுங்கள். படங்களை டிஜிகேமில் ஒழுங்குபடுத்தி வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே ஒத்த படம் தேடும் வசதி இருக்கிறது.

ஓட்டும் முன் செய்யவேண்டியவை மூன்று:

1. எல்லாப் படங்களையும் வேறொரு டிஸ்கில் அப்படியே ஒரு பிரதி எடுங்கள். அந்த டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது ஸ்கேனில் சேர்ந்தால் அதுவும் 'நகல்' பட்டியலில் வந்து நிற்கும்.

2. நேரடியாக டெலீட் செய்யாமல், 'நீக்க வேண்டியவை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நகர்த்துங்கள். டூப்குருவில் 'மூவ் மார்க்டு டு' என்ற கட்டளை இருக்கிறது. அதற்கான செட்டிங்கில் முழுப் பாதையையும் மறுபடி உருவாக்கும் தேர்வை எடுங்கள். செகாவ்காவிலும் நகர்த்தும்போது ஃபோல்டர் அமைப்பைக் காப்பாற்றும் தேர்வு உண்டு. இதைச் செய்யாவிட்டால் எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் எல்லாம் ஒரே குவியலாகிவிடும்.

3. ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கும் ஃபோல்டரை 'ரெஃபரன்ஸ்' என்று குறியுங்கள். டூப்குரு, செகாவ்கா இரண்டிலும் இது உண்டு. ரெஃபரன்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எதையும் அழிக்கத் தேர்ந்தெடுக்க முடியாது. தவறான பிரதியை அழிப்பதற்கு எதிராக இதைவிட நல்ல காவல் இல்லை.

பெயர் ஒன்றுதான், படம் வேறு

கேமராக்கள் டிசிஎஃப் என்ற பொது விதிப்படி ஃபைலுக்குப் பெயர் வைக்கின்றன: நான்கு எழுத்து, பின்னால் 0001 முதல் 9999 வரை நான்கு இலக்கம். 9999-ஐத் தாண்டினால் மறுபடி 0001. மெமரி கார்டை மாற்றினாலோ செட்டிங்கை ரீசெட் செய்தாலோ அதற்கு முன்பேகூட எண் திரும்பலாம். ஆகவே 2014-இல் எடுத்த ஐஎம்ஜி_0457-க்கும் 2019-இல் எடுத்த ஐஎம்ஜி_0457-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். பெயரை வைத்துத் தேடும் முறை மென்பொருளில் இருந்தால், படங்களுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

இதே காரணத்தால் பெரிய இழப்பு வேறோர் இடத்தில் நடக்கிறது. இரண்டு ஃபோல்டர்களை இழுத்து ஒன்றாக்கும்போது விண்டோஸ் 'ரிப்ளேஸ்' செய்யட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் பழைய ஐஎம்ஜி_0457-இன் மேல் புதியது ஏறி உட்கார்ந்துவிடும். மேலெழுதப்பட்டது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. இரண்டு ஃபைலின் விவரத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் தேர்வை எடுத்து, இரண்டு பக்கமும் டிக் செய்யுங்கள். இரண்டாவதன் பெயரின் பின்னால் ஓர் எண் சேர்ந்து இரண்டுமே தங்கும். உண்மையான நகலாக இருந்தால் அடுத்த ஸ்கேனில் ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்கு ஒரே படம், மென்பொருள் சேர்த்துக் காட்டவில்லை

முழு நகல் தேடலில் வராத நகல்கள் இவை. இரண்டு ஃபைல்களையும் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: பிக்சல் அளவு, ஃபைல் வகை, படம் எடுத்த தேதி. எங்கே வேறுபடுகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

பிக்சல் அளவு சிறுத்து, எடுத்த தேதி வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வந்தது. சாதாரணத் தரத்தில் அனுப்பும்போது 4000 × 3000 படம் பெரும்பாலும் 1600 × 1200 அளவுக்குச் சுருங்கிவிடும். எக்சிஃப் எனப்படும் விவரங்கள், அதாவது எடுத்த நேரம், கேமரா, இடம் ஆகியவை உதிர்ந்துவிடும். பெயர் 'ஐஎம்ஜி' என்று தொடங்கி, எட்டு இலக்கத் தேதி, அதன்பின் 'டபிள்யூஏ' என்றும் ஓர் எண்ணும் வரும். அந்தத் தேதி படம் எடுத்த நாள் அல்ல. அனுப்பிய அல்லது வந்து சேர்ந்த நாள். மூலப் படம் உங்களிடம் இருந்தால் இதைத் தாராளமாக நீக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் ஃபோல்டரையே மொத்தமாகத் தூக்கி எறிவது தவறு. உறவினர் அனுப்பிய படங்களுக்கு உங்களிடம் இருக்கும் ஒரே பிரதி அதுவாகத்தான் இருக்கும்.

ஃபைல் வகை வேறாக, ஒன்று ஹெச்இஐசி, மற்றது ஜேபெக் என்று இருந்தால் அது ஐபோன் வேலை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் புதிய ஐபோன்கள் ஹெச்இஐசி வடிவில் சேமிக்கின்றன. கணினிக்கு மாற்றும்போது போட்டோஸ் செட்டிங்கில் 'ஆட்டோமேட்டிக்' என்றிருந்தால் ஜேபெக்காக மாற்றி அனுப்பும். 'கீப் ஒரிஜினல்ஸ்' என்றிருந்தால் அப்படியே வரும். ஒரு முறை அப்படி, ஒரு முறை இப்படி இறக்கியிருந்தால் ஒரே படம் இரண்டு வடிவில் இருக்கும். ஹெச்இஐசிதான் மூலம், அதையே வைத்துக்கொள்ளுங்கள். நகல் தேடும் மென்பொருளின் சில பதிப்புகளில் ஹெச்இஐசி படிக்கும் வசதி சேர்த்திருக்க மாட்டார்கள். பட்டியலில் ஹெச்இஐசி ஒன்றுகூட வரவில்லை என்றால் வசதியுள்ள பதிப்பை இறக்குங்கள்.

பிக்சல் அளவு, தேதி, வகை மூன்றும் ஒன்று. ஃபைல் அளவு மட்டும் சில கிலோபைட் கூடக்குறைய இருக்கிறது. இது எக்சிஃப் மாற்றம். விண்டோஸில் நட்சத்திரம் கொடுத்தாலோ டேக் சேர்த்தாலோ அது ஜேபெக் ஃபைலுக்குள்ளேயே எழுதப்படும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. ஆனால் ஹாஷ் முற்றிலும் மாறிவிடும். இங்கே விவரம் அதிகமுள்ள பிரதியை வையுங்கள். பெயர்களை டேக் செய்து உழைத்த உழைப்பு அதில்தான் இருக்கிறது.

பிக்சல் அளவும் ஒன்றாகவே இருந்து, ஃபைல் அளவு மட்டும் பாதிக்கும் கீழே போயிருந்தால் கூகுள் போட்டோஸின் 'ஸ்டோரேஜ் சேவர்' வழியாகத் திரும்பி வந்த படமாக இருக்கலாம். அது 16 மெகாபிக்சலுக்கு மேல் உள்ளதைச் சுருக்கும். மற்றவற்றை அளவு மாற்றாமல் மறுபடி அழுத்திச் சேமிக்கும். பெரிய ஃபைலை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கையும் பிடிக்க ஒத்த படத் தேடல் வேண்டும். டூப்குருவில் பிக்சர் மோடுக்கு மாறி, ப்ரெஃபரன்ஸில் 'வெவ்வேறு பரிமாணமுள்ள படங்களையும் சேர்' என்ற பொருளில் இருக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். அந்த டிக் இல்லாவிட்டால் வாட்ஸ்அப் பிரதிகள் ஒன்றுகூட வராது. 'மென்பொருள் வேலை செய்யவில்லை' என்ற புகார் பெரும்பாலும் இந்த ஒரு டிக்கில் முடிகிறது. எவ்வளவு ஒத்திருந்தால் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்லும் ஃபில்டர் ஹார்ட்னஸை 95-இல் வைத்துத் தொடங்குங்கள். செகாவ்காவில் 'சிமிலர் இமேஜஸ்' பகுதியில் ஹாஷ் அளவு 16, ஒற்றுமை மிக உயர்ந்த நிலை என்று தொடங்கி, கிடைத்ததை ஒதுக்கிய பிறகு ஒரு படி இறக்குங்கள்.

பெயரும் அளவும் ஒன்று, ஹாஷ் மட்டும் வேறு

இதை அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். ஒரே பெயர், ஒரே பைட் அளவு, ஒரே எடுத்த தேதி, ஆனாலும் முழு நகல் அல்ல என்று மென்பொருள் சொன்னால், இரண்டில் ஒன்று கெட்டுப்போயிருக்க வாய்ப்பிருக்கிறது. பழுதான கார்டிலிருந்தோ கேபிள் ஆடும் டிஸ்கிலிருந்தோ காப்பி செய்யும்போது ஃபைல் முழு நீளத்துக்கு உருவாகிவிடும். உள்ளே ஒரு பகுதி மட்டும் பூஜ்யங்களாக இருக்கும். படம் திறக்கும், ஆனால் பாதிக்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாகவோ நிறம் மாறியோ தெரியும். தம்ப்நெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள்: தம்ப்நெயில் ஃபைலின் முன்பகுதியில் தனியாகச் சேமித்திருக்கும், அது நன்றாகவே தெரியும்.

இரண்டையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கீழ் ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள். நல்லதை வையுங்கள். ஒரு ஃபோல்டரில் இப்படிப் பல ஜோடிகள் இருந்தால் அந்த ஃபோல்டர் வந்த டிஸ்கைச் சந்தேகியுங்கள். நகல் நீக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அந்த டிஸ்கில் இருப்பதை வேறிடத்துக்கு முதலில் நகர்த்துங்கள். நகல்தான் அங்கே உங்களைக் காப்பாற்றும். செகாவ்காவில் 'ப்ரோக்கன் ஃபைல்ஸ்' என்று தனிப் பகுதி இருக்கிறது. நகல் தேடலுக்கு முன் அதை ஒருமுறை ஓட்டுவது நல்லது.

0 பைட் ஃபைல்களும் இதோடு சேர்த்தி. உள்ளே ஒன்றுமே இல்லாததால் அவை எல்லாவற்றுக்கும் ஹாஷ் ஒன்றுதான். பட்டியலில் சம்பந்தமில்லாத பெயர்கள் ஒரே குழுவில் வந்தால் அளவைப் பாருங்கள்.

சம்பந்தமில்லாத படங்கள் ஒரே குழுவில் வருகின்றன

டூப்குரு படத்தை 15 × 15 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் சராசரி நிறத்தை மட்டும் வைத்து ஒப்பிடுகிறது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து உள்ள எந்த ஸ்கேனும் இந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. அதனால்தான் ரேஷன் கார்டு, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் ஒரே குழுவில் வந்து நிற்கின்றன. இரவு வானம், கடல், தீபாவளி வாணவேடிக்கை, ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றிலும் இதே கதிதான்.

ஆவணங்களை நகல் தேடலுக்கு முன்பே தனி ஃபோல்டருக்கு மாற்றி, அந்த ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்குங்கள். அவற்றுக்கு முழு நகல் தேடல் மட்டும் போதும். மற்றவற்றுக்கு ஒற்றுமை அளவை உயர்த்தலாம், அல்லது செகாவ்காவில் ஹாஷ் அளவை 8-லிருந்து 16-க்கோ 32-க்கோ ஏற்றலாம். அளவு கூடும்போது நுணுக்கமான வேறுபாடும் கணக்கில் வரும்.

குழுப் படங்கள் வேறு விதமான சிக்கல். மேடையில் வரிசையாக நின்று எடுத்த ஐந்து படங்களும் மென்பொருளுக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பாட்டி கண் மூடியிருப்பார், ஒன்றில் குழந்தை திரும்பியிருக்கும், ஐந்தாவதில்தான் எல்லோரும் சிரித்திருப்பார்கள். இவற்றை எந்த அமைப்பாலும் தானாகத் தேர்ந்தெடுக்க முடியாது. எடுத்த நேரத்தில் ஒரு விநாடியாவது வேறுபட்டால் அவை நகல் அல்ல, தனித்தனிப் படங்கள். ஒத்த படப் பட்டியலில் தானியங்கித் தேர்வை அழுத்தவே அழுத்தாதீர்கள். நேரம் ஆனாலும் குழு குழுவாகக் கண்ணால் பார்த்து டிக் செய்யுங்கள்.

இதற்கு எதிரான குறையும் உண்டு. பக்கவாட்டில் திருப்பிச் சேமித்த படத்தையும், ஓரம் அதிகமாக வெட்டிய படத்தையும் இந்த முறைகள் பெரும்பாலும் தவறவிடும். டூப்குருவில் எக்சிஃப் நேரத்தை வைத்து ஒப்பிடும் தனி ஸ்கேன் வகை இருக்கிறது. திருப்பிய படங்கள் அதில் சிக்கும். தொடர்ச்சியாகச் சுட்ட பர்ஸ்ட் படங்களும் அதில் சேர்ந்தே வரும், கவனம்.

தேதியைப் பார்த்தால் எது மூலம் என்று தெரியவில்லை

விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் 'டேட் கிரியேட்டட்' காப்பி செய்த நாளாக மாறும்; 'டேட் மாடிஃபைடு' பழையபடியே இருக்கும். அதனால் உருவான தேதி மாற்றிய தேதிக்குப் பிந்தியதாகத் தெரியும். குழப்பம்போல் தோன்றினாலும் வழக்கமான நடத்தை அது. 'பழைய தேதியுள்ளதை வை' என்ற தானியங்கி விதி இந்த இரண்டில் எதை எடுக்கிறது என்று தெரியாமல் அதை நம்பாதீர்கள்.

பென் டிரைவுகளிலும் 32 ஜிபி வரையிலான கார்டுகளிலும் பெரும்பாலும் ஃபேட்32 அமைப்பு இருக்கும். அது மாற்றிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் பதியும். நேர மண்டலத்தையும் பதியாது. எனவே மாற்றிய தேதியில் ஒன்றிரண்டு விநாடி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு பிரதிகளுக்கும் சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் இருந்தால், ஒன்று நம் நேரத்திலும் மற்றது உலகப் பொது நேரத்திலும் எழுதப்பட்டிருக்கிறது, படம் ஒன்றே.

நம்பத் தக்கது எக்சிஃப் உள்ளே இருக்கும் 'டேட் டேக்கன்' மட்டுமே. எக்ஸ்ப்ளோரரில் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து அந்தப் பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை வைப்பது என்பதற்கு இந்த வரிசை நன்றாக உதவும்: எக்சிஃப் உள்ளது முதலில், பிறகு பிக்சல் அதிகமுள்ளது, பிறகு ஃபைல் அளவு பெரியது, இவை மூன்றும் சமமானால் பெயரிட்டு அடுக்கிய ஃபோல்டரில் இருப்பது. டூப்குருவில் 'ரீ-ப்ரையாரிட்டைஸ்' என்பதைத் திறந்தால் பரிமாணம், அளவு, ஃபோல்டர் ஆகியவற்றை இப்படி வரிசைப்படுத்தலாம். எக்சிஃப் இருக்கிறதா என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப் போன்றவற்றில் பெரிதாக்கிச் சேமித்த படம் பிக்சலிலும் அளவிலும் மூலத்தை மிஞ்சும். எக்சிஃபை முதலில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

நகல் போலத் தெரியும், ஆனால் நகல் அல்லாதவை

நல்ல கேமராக்கள் ஒரே சொடுக்கில் ரா ஃபைல் ஒன்றும் ஜேபெக் ஒன்றும் எழுதும். சிஆர்2, என்இஎஃப், ஏஆர்டபிள்யூ என்று முடிபவை ரா, அதாவது கேமரா பதிந்த தரவு பதப்படுத்தாமல் அப்படியே இருப்பது. பின்னால் திருத்தம் செய்ய நினைத்தால் ரா அவசியம். ஐபோனின் லைவ் போட்டோ ஒரு படமும் அதே பெயரில் ஒரு சிறு எம்ஓவி வீடியோவும் சேர்ந்தது. படத்தை மட்டும் நீக்கினால் வீடியோ அனாதையாக நிற்கும். 'ஐஎம்ஜி_ஈ' என்று இ-எழுத்து சேர்ந்திருப்பது போனில் திருத்திய பிரதி. அது இல்லாதது மூலம்.

பழைய கணினிகளில் இன்னொன்று இருக்கும். கூகுள் 2016-இல் கைவிட்ட பிக்காசாவில் படத்தைத் திருத்திச் சேமித்தபோது, திருத்தாத மூலம் '.பிக்காசாஒரிஜினல்ஸ்' என்ற மறைந்த ஃபோல்டருக்குப் போய்விடும். ஒத்த படத் தேடலில் இது நகலாக வந்து நிற்கும். மறைந்த ஃபோல்டர்தானே என்று அழித்தால் மூலம் போய்விடும். அதற்குமாறாக ஆண்ட்ராய்டின் '.தம்ப்நெயில்ஸ்' ஃபோல்டரில் இருப்பது வெறும் சிறு உருவங்கள், ஸ்கேனிலிருந்து விலக்கிவிடலாம்.

லைட்ரூம், டிஜிகேம், ஆப்பிள் போட்டோஸ் போன்ற, கேட்டலாக் எனப்படும் சொந்தப் படப் பட்டியல் வைத்திருக்கும் மென்பொருளின் படங்களை வெளியிலிருந்து அழிக்காதீர்கள். அதன் பட்டியலில் படம் காணவில்லை என்ற குறி விழும். சில சமயம் திருத்தங்கள் காணாமல் போன பிரதியோடு ஒட்டியிருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் போட்டோஸ் லைப்ரரிக்குள் வெளி மென்பொருளை விடவே வேண்டாம். 2022-இல் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து போட்டோஸிலேயே 'டூப்ளிகேட்ஸ்' பகுதி இருக்கிறது. அது தரம் உயர்ந்த பிரதியை வைத்து மற்றவற்றின் விவரங்களை அதோடு சேர்க்கிறது. நீக்கியவை 30 நாள் மீட்கும் நிலையில் இருக்கும்.

ஒரே தமிழ்ப் பெயரில் இரண்டு ஃபோல்டர்கள்

'பொங்கல் 2018' என்று இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே இடத்தில் ஒரே பெயரை விண்டோஸ் அனுமதிக்காதே, பிறகு எப்படி? ஒருங்குறியில் 'பொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். விண்டோஸ் விசைப்பலகை பெரும்பாலும் சேர்ந்த வடிவில் எழுதும். மேக்கில் இருந்த டிஸ்கை விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ காப்பி செய்தால் இரண்டும் வெவ்வேறு பெயர்களாகவே பதிவாகும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எந்தப் பெயரிலும் இது நடக்கலாம்: கோயில், தோட்டம், கொடைக்கானல்.

ஒன்றின் பெயரை முழுவதும் அழித்துவிட்டு 'பொங்கல் 2018 பழையது' என்று புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். மற்றதை ரெஃபரன்ஸாக வைத்து முழு நகல் தேடல் ஓட்டி, பழையதிலுள்ள நகல்களை ஒதுக்குங்கள். மிஞ்சியவை உண்மையிலேயே வேறு படங்கள். அவற்றை மற்றதற்கு நகர்த்திவிடலாம்.

'பாதை மிக நீளம்' என்ற பிழையும் தமிழ்ப் பெயர்களில் சீக்கிரம் வரும். விண்டோஸின் பழைய எல்லை, டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் வரை 260 குறியீடுகள். 'கோயில்' கண்ணுக்கு மூன்று எழுத்து; கணக்கில் ஆறு குறியீடு. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும், ஆக 85 குறியீட்டில் முடிந்துவிடும். நகல்களை முழுப் பாதையோடு ஒதுக்கும்போது பாதை இன்னும் நீள்வதால், 'நீக்க வேண்டியவை' ஃபோல்டரை டிரைவின் வேரிலேயே ஓரிரு எழுத்துப் பெயரில் வையுங்கள்.

ஸ்கேன் முடிவதே இல்லை, அல்லது போன் தெரியவில்லை

படம் ஒன்று 4 எம்பி என்றால் 20,000 படம் 80 ஜிபி. யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 30 எம்பி சுமாராக வரும். முழுவதும் படிக்க முக்கால் மணி நேரம். அதே டிஸ்கை யுஎஸ்பி 3 துளையில், உள்ளே நீலம் உள்ளதில், செருகினால் கால் மணியில் முடியலாம். ஒத்த படத் தேடலில் ஒவ்வொரு படத்தையும் விரித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் முதல் ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது ஓட்டத்தில் சேமித்த கணக்கு உதவும்.

விண்டோஸில் ஸ்கேன் தொடங்கியதும் இணையம் திணறி, சி டிரைவ் நிரம்பத் தொடங்கினால் காரணம் ஒன்டிரைவ். நீல மேகக் குறியுள்ள ஃபைல்கள் கணினியில் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. ஹாஷ் எடுக்க முயன்றதும் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பிக்கும். அந்த ஃபோல்டரை விலக்குங்கள், அல்லது இடம் இருந்தால் முன்பே முழுவதும் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கேபிளில் இணைத்த போன் எக்ஸ்ப்ளோரரில் தெரிந்தாலும் மென்பொருளில் தெரியாது. டிஸ்காக அல்லாமல் எம்டிபி என்ற ஃபைல் பரிமாற்ற முறையில் இணைவதால் அதற்கு டிரைவ் எழுத்து கிடையாது. படங்களைக் கணினிக்குக் காப்பி செய்துதான் ஒப்பிட முடியும்.

கணினியில் நீக்கினேன், போனிலும் போய்விட்டது

படங்கள் ஃபோல்டர் ஒன்டிரைவுக்குள் இருந்தால், கணினியில் நீக்குவது எல்லா இடத்திலும் நீக்குவதே. உடனே ஒன்டிரைவ் வலைத்தளத்தின் ரீசைக்கிள் பின்னைத் திறங்கள். தனிநபர் கணக்கில் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். வேலை தொடங்கும் முன் ஒத்திசைவை நிறுத்தி வைத்து, முடிவு சரியென்று தெரிந்தபின் இயக்குவதே சரியான முறை.

பென் டிரைவ், மெமரி கார்டு, நெட்வொர்க் டிரைவ் ஆகியவற்றில் நீக்கினால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்கு எதுவும் வராது. நேராகப் போய்விடும். கார்டில் தவறாக நீக்கிவிட்டால் அதில் புதிதாக ஒன்றும் எழுதாமல் உடனே கழற்றிவிட்டு மீட்பு மென்பொருளால் முயலலாம். எஸ்எஸ்டியில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. நீக்கிய இடத்தை, விண்டோஸ் தானாகவே அனுப்பும் ட்ரிம் என்ற கட்டளை துடைத்துவிடும்.

கூகுளிலிருந்து இறக்கியதில் எல்லாமே இரண்டிரண்டாக இருக்கிறது

கூகுள் கணக்கில் இருப்பதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட், ஆண்டு வாரியான ஃபோல்டரில் ஒரு பிரதியும், ஆல்பம் ஃபோல்டரில் இன்னொன்றும் வைக்கும். இவை முழு நகல்களே, ஹாஷ் பிடித்துவிடும். ஆல்பம் பிரிவு முக்கியமென்றால் ஆல்பம் ஃபோல்டர்களை ரெஃபரன்ஸாக வையுங்கள், இல்லையேல் ஆண்டு ஃபோல்டர்களை. உடன் வரும் ஜேசன் என்ற சிறு விவர ஃபைல்களைக் குப்பையென்று நினைக்காதீர்கள். கூகுளில் நீங்கள் திருத்திய தேதியும் விளக்கமும் அவற்றில்தான் இருக்கின்றன. படத்தோடு அவற்றைச் சேர்த்த பிறகே நீக்கலாம்.

நீக்கியும் இடம் கூடவில்லை

முதலில் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா என்று பாருங்கள். 'நீக்க வேண்டியவை' ஃபோல்டர் அதே டிரைவில் இருந்தாலும் இடம் கூடாது, அது எதிர்பார்த்ததே.

மேக்கில் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய ஃபைல் அமைப்பில் உள்ள டிஸ்க் என்றால் காரணம் வேறு. ஒரே டிஸ்குக்குள் ஃபைண்டரில் காப்பி செய்த ஃபைல் புதிய இடம் எடுத்துக்கொள்வதில்லை. மூலத்தின் அதே இடத்தையே பகிர்ந்துகொள்ளும். அதை நீக்கினால் திரும்பக் கிடைக்க ஒன்றுமில்லை. ஹார்ட் லிங்க் என்பதும் இதைப் போன்றதே: ஒரே தரவுக்கு இரண்டு பெயர். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினின் பழைய டிஸ்குகளில் முழுக்க ஹார்ட் லிங்க்தான். பேக்கப் டிஸ்கை நகல் தேடலில் சேர்க்காதீர்கள், பேக்கப் கெட்டுவிடும்.

நீக்கிய நகல்கள் திரும்ப வருகின்றன

ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது. போனின் பேக்கப் செயலி இரண்டு கிளவுடுக்கு ஒரே சமயத்தில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள். கணினியிலும் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் இரண்டும் ஒரே படங்கள் ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டிருக்கக் கூடாது. லைட்ரூமில் இறக்கும்போது நகலென்று சந்தேகிப்பவற்றை விடும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அது அந்தக் கேட்டலாக்கில் உள்ளவற்றோடு மட்டுமே ஒப்பிடும்.

கார்டிலிருந்து இறக்கும் பழக்கத்தில் ஒரு மாற்றம் போதும். இறக்கிய படங்கள் முழுவதும் திறக்கின்றனவா என்று பார்த்து, இரண்டாவது டிஸ்கிலும் பிரதி எடுத்த பிறகு, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். இறக்கிய படங்கள் கார்டிலேயே கிடந்தால் அடுத்த முறை அவையும் சேர்ந்தே இறங்கும்.

'நீக்க வேண்டியவை' ஃபோல்டரை ஒரு மாதமாவது வைத்திருங்கள். அதற்குள் யாராவது ஒரு படத்தைத் தேடிக் காணவில்லை என்றால் அங்கே பாருங்கள். பாதையோடு நகர்த்தியிருப்பதால் பழைய இடத்துக்கே திருப்பி வைக்கலாம். மாதம் முடிந்ததும், கழற்றி வைத்த பேக்கப் டிஸ்க் திறக்கிறதா என்று ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டு ஃபோல்டரை அழியுங்கள்.